வசனம் வெட்டுகிறவர்

"உங்கப்பா விசுவாசியா, இல்லையா?" என்று பாஸ்டர் ஞானசிகாமணி என்னிடம் கேட்டபோது அப்பா பிரீசர் பெட்டிக்குள் இருந்தார். பெட்டியின் மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. பதில் உடனே வேண்டும். நான் ஆமாம் என்றால் பாஸ்டர் விருதுநகரில் தன் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்பார். இல்லை என்றால் சித்தப்பா சிவபாண்டி அப்பாவை மல்லாங்கிணறு பக்கம் எங்கள் ஊருக்குக் கொண்டுபோய், குளிப்பாட்டக் குடத்தில் நீர்மாலை எடுத்து, மேளம் அடித்து, எங்கள் ஆட்கள் முறைப்படி அடக்கம் செய்வார். சித்தப்பா மேளத்துக்குச் சொல்லியும்விட்டார்.

"அம்மாவிடம் கேளுங்கள்" என்றேன்.

அம்மா சோலையம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஏங்கிட்டக் கேக்காதீக பாஸ்டரு. நான் இருக்கன்குடி ஆத்தாளுக்கு மாவிளக்குப் போடுறவ. அவரு சாமி சமாச்சாரம் வாணிக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். மீட்டரின் முள் காட்டும் அழுத்தம் குழாய்க்குள் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. முள் அசைகிறது என்பதால் மட்டும் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட முடியாது. அப்பாவைப் பற்றியும் அப்படித்தான்.

அப்பாவின் பெயர் கோட்டைச்சாமி. காட்டு வேலைக்குப் போன குடும்பம். படிக்கட்டும் என்று மிஷன் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே வேதத்தில் ஓர் அதிகாரத்தை மனப்பாடமாக ஒப்பித்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டை உண்டு. அப்பா பள்ளியை முடிக்கும்போது புதிய ஏற்பாடு முழுக்க அவர் தலைக்குள் இருந்தது, பழையதில் பாதியும். "முட்டைக்குப் படிச்சதுலே" என்று சித்தப்பாவிடம் சொல்லிச் சிரிப்பார். மீதிப் பாதியைச் சிவகாசியில் படித்தார். அங்கே ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவராகச் சேர்ந்தார். கிறிஸ்தவக் காலண்டர், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் மேஜைக்கு வந்துதான் மெஷினுக்குப் போகும்.

அவருடைய முக்கிய வேலை வாக்குத்தத்த அட்டை. புத்தாண்டு ஆராதனையில் ஒரு தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்துச் சுற்றி வரச் செய்வார்கள். ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். எடுத்த அட்டையில் இருக்கும் வசனம் அந்த வருடத்துக்கு அவர்களுக்குக் கடவுள் தந்த வாக்கு. வாசல் நிலையில் ஒட்டுவார்கள், பர்ஸில் வைப்பார்கள். அதற்கான வசனங்களைப் பொறுக்குவது அப்பா. இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும். நல்லதாக மட்டும் இருக்க வேண்டும்.

அச்சக முதலாளி லட்சுமிகாந்தம் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவருக்கு வேதம் தெரியாது. வியாபாரம் தெரியும்.

"கோட்டை, இதுல 'நீ கீழ்ப்படிந்தால்'னு ஒன்னு முன்னாடி வருதே, அது எதுக்கு?"

"மூலத்துல அப்பிடித்தான் இருக்கு முதலாளி."

"இருந்துட்டுப் போகட்டும்யா. புதுவருசத்துக்கு ஆசீர்வாதம் எடுக்க வர்றவன் கையில கண்டிஷனைக் குடுக்கலாமா? வெட்டு. அந்த எடத்துல ஒரு ரோசாப்பூவைப் போடு."

அப்பா வெட்டினார். பல சீசன் வெட்டினார். எந்த வசனத்தை எங்கே வெட்டினால் தையல் தெரியாது என்பது அவருக்கு அத்துப்படி.

சுற்றுவட்டாரப் போதகர்கள் அவருக்குப் போன் செய்து வசனம் கேட்பார்கள். பாஸ்டர் ஞானசிகாமணி சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் கூப்பிடுவார். கழுதை பேசிய கதை எந்தப் புத்தகம், கோடாலி மிதந்தது எந்த அதிகாரம். அப்பா பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டே சொல்வார். "பிரசங்கம் என்னுது, சரக்கு கோட்டைச்சாமியோடது" என்று பாஸ்டரே மேடையில் சொல்லியிருக்கிறார். அதனால் அவருக்கு ஒரு குறை. இவ்வளவு தெரிந்த மனிதர் ஞானஸ்நானம் எடுக்கவில்லையே.

"என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும் கோட்டைச்சாமி. இன்னும் என்ன தடை?"

"தெரியும் பாஸ்டர். அம்புட்டுதான். கரண்டு ஆபீசு நம்பரும் எனக்கு மனப்பாடம். அதுக்காக நம்ம தெருவுல லைட்டு எரிஞ்சிருதா?"

அப்பா அடக்கத்துக்காக அப்படிச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார். கோயிலுக்கும் போகமாட்டார், சபைக்கும் போகமாட்டார். அம்மா திருநீறு பூசிவிட்டால் நெற்றியைக் காட்டுவார். அவருக்கு வேதம் என்பது பிழையில்லாமல் வெளியே போக வேண்டிய ஒரு பெரிய லோடு.

பிறகு பஞ்சம்மாள் வந்தார்.

அது பொங்கல் முடிந்த சமயம். நான் நீண்ட விடுப்பில் வந்திருந்தேன். அப்பாவை ஸ்கூட்டரில் கூட்டிவர அச்சகத்துக்குப் போயிருந்தேன். சாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, கசங்கிய சேலை, கையில் ஒரு அட்டை. பைண்டிங்கில் வேலை பார்க்கும் பெண்ணிடம் விசாரித்துக்கொண்டு நேராக மேஜைக்கு வந்தார்.

"இந்த அட்டையில வசனம் போடுற ஐயா யாரு?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அந்த அம்மாவின் மகன் செல்வக்குமார் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குபவன். இரண்டு நாள் முன்னால் உராய்வில் தீப்பிடித்து, தீக்காய வார்டில் கிடந்தான். அட்டையில் இருந்த வசனம், எந்தத் தீங்கும் உன் வீட்டை நெருங்காது என்ற பொருளில் வருவது. யாருக்கு அந்த வாக்கு என்று சொல்லும் முன்பகுதி வெட்டப்பட்டிருந்தது. அந்த இடத்தில் ரோஜாப்பூ இருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன்.

"நீங்கதானாய்யா? ஆண்டவரு உங்க மூலமாத்தான எனக்கு இதக் குடுத்தாரு. வந்து எம் மகனுக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க."

அப்பாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. ஊரூராகப் போகும் அட்டைகளை யாரோ ஒரு தேவமனிதர் முழங்காலில் நின்று, ஒவ்வொரு ஆளையும் நினைத்து எடுத்து வைக்கிறார் என்று அந்த அம்மா நம்பியிருந்தார்.

"அம்மா, நீங்க தப்பா நெனச்சிட்டீக. நான் பிழை திருத்துறவன். உங்களுக்குன்னு நான் எடுக்கல. ரெண்டு வரிக்குள்ள அடங்குச்சு, எடுத்தேன்."

"இருக்கட்டும்."

"நான் கிறிஸ்தவனே இல்லம்மா."

"அதுவும் இருக்கட்டும். வசனத்த அனுப்புனவரு உங்களையும் அனுப்புவாரு. கெளம்புங்க, பஸ்ஸு போயிரும்."

கண்ணாடி அறைக்குள்ளிருந்து லட்சுமிகாந்தம் எட்டிப் பார்த்தார். "போயிட்டு வாய்யா கோட்டை. நம்ம சரக்குல கம்ப்ளைண்டுன்னா போய்த்தான பாக்கணும்."

பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனோம். வார்டில் அப்பா கட்டிலின் தலைமாட்டில் நின்று அந்த வசனம் வரும் வேதச் சங்கீதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சொன்னார். எதையும் வெட்டவில்லை. ஓர் அசை தடுமாறவில்லை. அடுத்த கட்டிலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முடித்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பஞ்சம்மாள் தலையாட்டினார். "நல்லாச் சொன்னீகய்யா. இது அவரு நம்மகிட்டச் சொன்னது. இப்ப நாம அவருகிட்டச் சொல்லணும்ல? சொல்லுங்க."

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். துணிச்சுற்றுக்கு நடுவே செல்வக்குமாரின் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை. வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு, "வாணி, போவோம்" என்றார்.

ஸ்கூட்டர் திருத்தங்கல் தாண்டியது. பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "அம்புட்டும் தெரியும்லா. ஒரு வார்த்தை வரல."

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் உட்கார்வார், பாதியில் எழுவார். சட்டையை மாட்டுவார், கழற்றுவார். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். "என்னத்தத் தொலச்சீக?" என்று அம்மா கேட்டாள். "வச்சிருந்தாத்தான தொலைக்க" என்றார். மறுநாள் அவராகவே வார்டுக்குப் புறப்பட்டார். போய், கட்டிலருகே நின்று ஒரு அட்டைத் துண்டால் விசிறினார். ஜெபம் செய்யவில்லை.

பஞ்சம்மாள் செய்தார். நான் அதுவரை ஜெபம் என்றால் ராகம் என்று நினைத்திருந்தேன். இது ரேஷன் கடைச் சண்டை மாதிரி இருந்தது.

"ஏம்யா, உமக்குக் கண்ணு தெரியலையா? அட்டையில எழுதிக் குடுத்துட்டு இப்ப எங்கன போனீரு? வலிக்குதுங்கான். தண்ணி கேக்கான். வந்து பாரும். நீரு பெத்த பிள்ளைக்கு வலிச்சப்ப உமக்கு எப்பிடி இருந்துச்சு? எனக்கும் அப்பிடித்தான இருக்கும்?"

அப்பா விசிறுவதை நிறுத்திவிட்டார். "இப்பிடியெல்லாம் பேசலாமாம்மா?"

"பின்ன யாருகிட்டப் பேச? அவரு இல்லேன்னு நெனச்சா நான் ஏன் திட்டப் போறேன்? வெறுஞ்சுவத்த யாராச்சும் வைவாகளா?"

சங்கீதங்களில் எத்தனையோ இப்படி முறையிடுபவைதான் என்பது அப்பாவுக்குத் தெரியும். அவற்றை வரிசையாகச் சொல்லுவார். ஒன்றைக்கூட அவர் அட்டையில் போட்டதில்லை. யாராவது அப்படி உண்மையாகவே பேசி அவர் கண்டதும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனபோது அப்பா கட்டிலருகே குனிந்திருந்தார். அவர் பேசியது எனக்குக் கேட்டது. "ஆண்டவரே. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. இவன் தாங்க மாட்டேங்கான். நீர் வாரும். அம்புட்டுதான். வாரும்." வசனம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரை அவசரத்துக்குக் கூப்பிடும் குரல்.

செல்வக்குமார் மறுநாள் காலையில் இறந்துவிட்டான். அந்த ஜெபத்துக்கு வெளியே தெரியும் பலன் எதுவும் இல்லை. இதை நான் விட்டுவிட்டு எழுத முடியாது.

"பலிக்கலையே அப்பா" என்றேன், அடக்கம் முடிந்து வரும்போது.

"பலிக்கல."

"பின்னே?"

"சொல்லத் தெரியல தாயி. ஆனா பேசும்போது எதிர்ல ஆளு இருந்துச்சு."

அடுத்த சீசனில் அப்பா நிபந்தனைகளை வெட்டமாட்டேன் என்றார். லட்சுமிகாந்தம் கோபப்படவில்லை. அட்டை வேலையை மணிகண்டராஜ் என்ற இளைஞரிடம் கொடுத்துவிட்டு, அப்பாவைக் கல்யாணப் பத்திரிகைக்கு மாற்றினார். "அங்கன எல்லாரும் தெரிஞ்சேதான் ஏமாறுறாக, பரவால்ல" என்று அப்பா சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் இளநீர் வாங்கிக்கொண்டு தீக்காய வார்டுக்குப் போவார். அட்டை எதுவும் கொண்டுபோகமாட்டார். போதகர்கள் வசனம் கேட்டுக் கூப்பிட்டால் இப்போதும் சொல்வார். ஆனால் கடைசியில், "எதுக்குக் கேக்கீக? யாருக்கு என்னாச்சு?" என்று கேட்பார். சிலர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

ஞானஸ்நானமும் கேட்டார். அவராகவே போய்க் கேட்டார். பாஸ்டர் ஞானசிகாமணி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு நோட்டீஸ், திருத்துவதற்காக அப்பாவின் மேஜைக்கே வந்தது. வண்ணத்தில் அப்பாவின் படம். வேதம் முழுவதையும் மனப்பாடமாக அறிந்த அறிஞர் கோட்டைச்சாமி ஞானஸ்நானம் பெறுகிறார், திரளாக வாருங்கள். அப்பா அதில் ஒரு திருத்தமும் போடவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

"பாஸ்டர், இந்த ஆளுக்கு நீங்க தாராளமாக் குடுங்க. ஆனா இது நான் இல்ல. இந்த ஆளு ஒரு பையன் சாகக் கெடந்தப்ப வாயப் பொத்திக்கிட்டு நின்னான்."

"ஆத்துமாக்கள் வரட்டுமேன்னுதான் போட்டேன். நீங்க இதுல பெருமையப் பாக்காதீங்க."

"பெருமையப் பாத்துத்தான் பயப்படுதேன்."

நோட்டீஸ் நின்றது. ஞானஸ்நானமும் நின்றது. பாஸ்டருக்கு மனத்தாங்கல். அப்பா கொஞ்ச நாள் போகட்டும் என்றார். அந்தக் கொஞ்ச நாளுக்குள் பக்கவாதம் வந்துவிட்டது.

வலது கையும் பேச்சும் போயின. பேச்சு பாதி திரும்பியது, ஆனால் சொற்கள் இடம் மாறியிருந்தன. தண்ணீரை ஜன்னல் என்றார். என்னைக் கம்பெனி என்று கூப்பிட்டார். பாஸ்டர் மனத்தாங்கலை மறந்து பார்க்க வந்தார். சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒரு சங்கீதத்தைத் தொடங்கி, அப்பா முடிப்பாரா என்று காத்திருந்தார். அப்பா அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அடுத்த வரி வரவில்லை. வேறு ஒன்றைத் தொடங்கினார். அதுவும் வரவில்லை. பாஸ்டர் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அழுதார். "அம்புட்டும் போச்சேம்மா. எப்பேர்ப்பட்ட களஞ்சியம்."

போனது உண்மை. நான் விடுப்பு எடுத்துக் கவனித்துக்கொண்டேன். சாயங்காலம் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டுவார். அங்கே உட்கார்ந்து பேசுவார். "நீர்... கால்... வலி. இங்கன. இரும்." இடையில் நிறுத்துவார், எதிராளி பேசும்போது நாம் நிறுத்துவது போல. "சோலை... பாவம். பாரும். வாணி... பாரும்." எங்கள் பெயர்கள் அங்கே மட்டும் சரியாக வந்தன. என்னைப் பார்த்துக் கூப்பிடும்போது நான் கம்பெனிதான்.

டாக்டரிடம் கேட்டேன். நெடுநாள் பழக்கத்தில் பதிந்த சொற்கள் சில சமயம் தங்கிவிடும் என்றார். அப்படியானால் தங்கியிருக்க வேண்டியவை வசனங்கள். அவை சிறு வயதிலிருந்தே பதிந்தவை. ஆட்களின் பெயர் சொல்லிப் பேசும் இந்தப் பேச்சுக்கு வயது மிகக் குறைவு. முட்டைக்குச் சேர்த்ததெல்லாம் கழிந்த பிறகும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்படி ஒன்று இல்லை. ஆனால் அது அவருக்குத் தெரிந்திருந்தவற்றால் ஓடவில்லை என்று நான் கையெழுத்துப் போடுவேன்.

இனி, அப்பா பிரீசர் பெட்டிக்குள் இருந்த அந்த மத்தியானம். பாஸ்டர் என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். சபைக் கமிட்டிச் செயலாளர் போனில் இருந்தார். ஞானஸ்நானம் எடுக்காதவருக்குத் தோட்டத்தில் இடமில்லை, ஆனால் கேட்டு, எடுப்பதற்குள் உடம்பு முடியாமல் போனவருக்குக் கமிட்டி விலக்குக் கொடுக்கலாம்.

"கேட்டாரு, அதுக்குள்ள ஸ்ட்ரோக் வந்துருச்சுன்னு மட்டும் சொல்லும்மா. வேதம் முழுசும் தெரிஞ்ச மனுசன். அதைவிட என்ன சாட்சி வேணும்?"

"கேட்டார். பிறகு வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்றார் என்பதையும் சொல்லட்டுமா?"

பாஸ்டர் போனை என் கையில் கொடுத்தார். நோட்டீஸ் கதை கமிட்டிக்குத் தெரியாது.

போனில் செயலாளர், "விசுவாசியா இல்லையாம்மா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றார்.

"விசுவாசிதான். வேதம் தெரிந்ததால் இல்லை. அது எல்லாம் போன பிறகும் கடவுளிடம் பேசினார்."

"ஞானஸ்நானம்?"

"கேட்டார். நோட்டீஸ் அடித்ததும் வேண்டாம் என்றார். மறுபடி கேட்கவில்லை."

பாஸ்டர் போனுக்குக் கையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. "அப்ப கஷ்டம்மா" என்றார் செயலாளர். பாதியை மட்டும் சொல்லியிருந்தால் அப்பாவுக்கு இடம் கிடைத்திருக்கும். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எங்கே வெட்டியிருப்பேன் என்று தெரியவில்லை.

ஊருக்குக் கொண்டுபோனோம். சித்தப்பா நீர்மாலைக்குக் குடம் எடுத்து வைத்திருந்தார். அம்மா எழுந்து போய் அதைக் கவிழ்த்தாள்.

"வேண்டாம் சிவபாண்டி. மேளத்தையும் போகச் சொல்லு."

"மதினி, அங்கயும் எடமில்ல, இங்கயும் முறை வேண்டாம்னா எப்பிடி? எங்கண்ணன அனாதைப் பொணம் மாதிரியா பொதைக்கச் சொல்றீக?"

"சாயங்காலமானா யாருகிட்டயோ பேசிக்கிட்டு இருந்தாரு. நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அவுக பாத்துக்கிடட்டும்."

சித்தப்பா அழுதார். பிறகு மேளக்காரர்களை அனுப்பினார்.

எங்கள் இடுகாடு கருவேலங்காட்டுக்கு நடுவே இருக்கிறது. குழி தயாரானபோது பஞ்சம்மாள் விஷயம் கேள்விப்பட்டு பஸ்ஸில் வந்து, ரோட்டிலிருந்து ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பைக். பாஸ்டர் ஞானசிகாமணி. வெள்ளை அங்கி இல்லை, கையில் புத்தகம் இல்லை, சாதாரணச் சட்டை. கருவேல மரத்தடியிலேயே நின்றுகொண்டார். யாரும் வாங்க என்று சொல்லவில்லை.

அப்பாவை இறக்கினோம். பஞ்சம்மாள் குழி ஓரத்தில் நின்று தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணை மூடவில்லை.

"ஏம்யா, எம் மகன் கெடந்தப்ப இந்த மனுசன அனுப்புனீரு. நல்லாருப்பீரு. இப்ப இவருக்கு ஆறடி மண்ணு குடுக்க உம்ம சபையில ஒரு ஆளு இல்லையாக்கும்? வெக்கமா இல்லையா உமக்கு? உம்ம ஆளுகளுக்கு வாயி இருக்கு, வசனம் இருக்கு, மனசு எங்கன வச்சிருக்காக? சரி, அவுகள விடும். நீரு இவர வாங்கிக்கிடும். நல்லாப் பாத்துக்கிடும்."

எங்கள் ஆட்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மரத்தடியிலிருந்து, தெளிவாக, "ஆமென்" என்று கேட்டது.

சித்தப்பா மண்வெட்டியை எடுத்தார். பாஸ்டர் வந்து கையை நீட்டினார். சித்தப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கொடுத்தார்.